ஜப்பான்காரன் கொண்டையைக் காட்டினான்

தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் அது நடந்தது. மாப்பிள்ளை சின்னராஜ் கத்தியை உயர்த்திப் பிடித்தான். பிடி மட்டும் அவன் கையில் நின்றது. கத்தி நழுவி, மணப்பெண்ணின் கால் பக்கத்தில் மண்ணில் குத்திட்டு நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மேளம் நின்றுபோனது.

"இன்னாடா இது?" என்றார் லட்சுமணன், மாப்பிள்ளையின் அப்பா.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. தானா கழண்டு வந்துட்சி."

"தானா உதிர்றதுக்கு அது இன்னா, புளியம்பழமா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது, தாலியும் ஏறியது. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் பாயசத்தை விட அந்தக் கத்திதான் அதிகம் பரிமாறப்பட்டது. கத்தி விழுந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று புதூர்நாட்டு மலை முழுக்க ஒரு வாரம் பேசித் தீர்த்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால், மாப்பிள்ளை அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டுதான் மணையில் உட்கார வேண்டும். அதற்கு முன்னால், வீட்டுக்கு மூத்த ஆண் எழுந்து நின்று, கத்தி வந்த கதையைச் சபைக்குச் சொல்ல வேண்டும். லட்சுமணனின் தாத்தா தங்கவேல் பர்மா சண்டைக்கு மூட்டை தூக்கப் போனவர். திரும்பி வரும்போது மலேரியாவையும் இந்தக் கத்தியையும் கொண்டுவந்தார். மலேரியா அவரோடு போய்விட்டது. கத்தி இருக்கிறது. ஜப்பான்காரன் கத்தி என்றுதான் அதற்குப் பெயர்.

கல்யாணச் சந்தடி அடங்கியதும் லட்சுமணன் தம்பி வீட்டுக்கு வந்தார். தம்பி வடிவேலு வாசலில் முறம் பின்னிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி குப்பம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒடுகத்தூர் பட்டறையில சொல்லிட்டேன் வடிவேலு. நெருப்புல காய வெச்சு, நல்லா ஒரு இரும்புக் கொழாய்ல பிடி போட்டுட்டா நம்ம பேரப்பசங்க காலம் வரைக்கும் கழலாது."

குப்பம்மாளின் முறம் நின்றது.

"நெருப்புலயா? வேணாங்க மாமா."

"ஏம்மா?"

குப்பம்மாள் தலையில் செருகியிருந்த ஊசியை உருவி, உச்சியில் ஒரு முறை சொறிந்துவிட்டு, மறுபடி கொண்டையில் செருகினாள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் மங்கம்மாள் கொடுத்த ஊசி அது. செம்பு போலச் சிவப்பாக மின்னும். தட்டையாக ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு முனையில் காது குடைய வாகாகச் சின்ன வளைவு. பேச்சு கஷ்டமாக இருந்தால் அவள் கை தானாக அதற்குத்தான் போகும்.

"எங்க பொண்ணு தேவி கல்யாணத்துல அந்தக் கத்திய அவ கையில குடுக்கணும்னு எனக்கு ஒரு ஆசை மாமா."

லட்சுமணன் தம்பியைப் பார்த்தார். வடிவேலு முறத்தைப் பார்த்தார்.

"இந்த வூட்டு ஆம்பளைதாம்மா அத புடிக்கணும். தேவிய கட்டப்போறவன் ஒடுகத்தூர்க்காரன். அவனுக்கே குடுக்க முடியாது. பொண்ணு கையில எப்பிடி குடுக்குறது? எங்க தாத்தா சண்ட போட்டுப் புடுங்கினதும்மா அது!"

"புடுங்கலீங்க மாமா. அத்தே வேற மாதிரி சொல்லிக்கிறாங்க எனக்கு."

"எங்கம்மா அடுப்பு ஊதிக்கினு சொல்ற கதையெல்லாம் சபையில நிக்குமா?"

குப்பம்மாள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள். அவளுக்கு ஒரே பெண். அந்தப் பெண் மலையை விட்டு இறங்கிப் போகும்போது இந்த வீட்டுப் பொருள் ஒன்று அவள் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

சபையில் சொல்லும் கதையில் ஜப்பான்காரன் பாய்ந்து வருவான். "டேய்!" என்பான். தங்கவேல் தாத்தா "வாடா!" என்பார். கையைத் திருகிக் கத்தியைப் பிடுங்கிவிடுவார். சபை கைதட்டும்.

மங்கம்மாள் மருமகளுக்குச் சொன்ன கதையில் ஜப்பான்காரன் பாயவே இல்லை. ஓடைக்கரையில் படுத்துக்கிடந்தான்.

"தலைய தூக்கக்கூட தெம்பு இல்லியாம்டி. எங்க மாமனாரப் பாத்து 'தண்ணி'ன்னானாம்."

"ஜப்பான்காரன் தண்ணின்னு எப்பிடி அத்தே கேப்பான்?"

"தாகத்துல எவன் எந்தப் பாஷையில கேட்டாலும் காதுல தண்ணின்னுதான்டி வுழும். இவரு தொப்பியில மொண்டாந்து ஊத்தினாராம். குடிச்சுட்டு, மடியில இருந்து இத எடுத்தானாம். 'இது என் வூட்டுக்காரியுது. உன் வூட்டுக்காரிகிட்ட குடு'ன்னானாம்."

"அதுவும் ஜப்பான்ல தானே அத்தே சொல்லியிருப்பான்?"

"வாயால எங்க சொன்னான்? கைய பின்னால கொண்டுபோயி, கொண்டைய காமிச்சானாம். இப்பிடி."

மங்கம்மாள் தன் கொண்டைக்குப் பின்னால் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவாள். எத்தனை முறை கதை சொன்னாலும் அந்த இடத்தில் அடுப்பு ஊதுவதை நிறுத்திவிட்டுத்தான் காட்டுவாள்.

பட்டறைக்குப் போகாமல் கத்தியைத் தடுத்தது தேவி. அவள் ஒடுகத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனிலேயே பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரீப்பா, நெருப்புல வெச்சா அதோட உறுதி பூடுமாம். எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க கீறாங்க. பழைய சாமான சரி பண்றதுதான் அவங்க வேலையே. ஒரு தடவ பாக்கட்டும். அப்பறம் நீங்க கொழாய் போடுங்க, கதவு போடுங்க, நான் கேக்க மாட்டேன்."

"பாக்கட்டும். ஆனா கையில குடுக்குற பேச்சு வேணாம்."

"நான் அத பேசவே இல்லியே பெரீப்பா."

"உங்கம்மா பேசிட்டா."

அந்த அக்கா கோகிலவாணி. படவேட்டுக்காரி. சென்னையில் பழங்கால உலோகப் பொருட்களைச் செப்பனிடுகிறவள். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தேவி பார்த்துக்கொண்ட விதம் அவளுக்கு மறக்கவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தவள், ஒரு பெரிய தோல்பையோடு ஜீப்பில் ஏறி மலைக்கு வந்துவிட்டாள். இறங்கும்போதே தலைசுற்றல்.

"இன்னாக்கா இவ்ளோ வளைவு!"

"நீ மூணாவது வளைவுலயே கண்ண மூடியிருக்கணும் கண்ணு. இந்தா, மோர் குடி" என்றாள் குப்பம்மாள்.

மோர் குடித்துவிட்டு, லட்சுமணன் கொடுத்தனுப்பியிருந்த கத்தியைக் கையில் வாங்கினாள் கோகிலவாணி. உடனே உருவவில்லை. மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கத்தியும் உறையும் சேர்ந்து ஒரு முழத்துக்கும் குறைவு. பிடியும் உறையும் கறுப்பாக, கட்டி கட்டியாக, கருகிய வேர் மாதிரி இருந்தன.

"இது இன்னாக்கா, தாரா?"

"அரக்கு. பிடி ஆடும்போதெல்லாம் எங்க மாமனார் அரக்கு காய்ச்சி ஊத்துவாரு. உறை வெடிச்சப்போ துணிய சுத்தி அது மேலயும் ஊத்தினாரு. அவருக்கு முன்னால அவங்க அப்பா. இவரும் ஒரு வாட்டி ஊத்தினாரு."

"நல்லா ஊத்தினேனே" என்றார் வடிவேலு.

"ஊத்தின லட்சணம்தான் சின்னராஜ் கல்யாணத்துல பாத்தமே!" என்றாள் குப்பம்மாள்.

கோகிலவாணி சிரித்துவிட்டாள். "அண்ணா, உங்க மேல தப்பு இல்ல. நம்ம ஊர்க் கத்திக்கு அரக்குதான் ஊத்துவாங்க. இது அப்பிடி செஞ்ச கத்தி இல்ல. இதுல பிடிக்கும் கத்திக்கும் நடுவுல ஒரே ஒரு ஆணிதான் இருக்கும். மூங்கில் ஆணி. அத தட்டி எடுத்தா மொத்தமும் கழண்டு வந்துரும். அந்த ஆணி தேஞ்சிதான் ஆடியிருக்கு. ஆணிய மாத்தறதுக்குப் பதிலா எல்லாரும் அரக்கு ஊத்திக்கினே இருந்திருக்கீங்க."

"எண்பது வருசமா?" என்றார் வடிவேலு.

"எண்பது வருசமா. ஆனா ஒரு நல்லதும் பண்ணியிருக்கீங்க. அரக்குக்கு உள்ள காத்தே போயிருக்காது."

பின்கட்டில், வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அரக்கின்மேல் வைப்பாள். ஊறியதும் ஒரு மரக்குச்சியால் மெல்ல வழிப்பாள். மறுபடி பஞ்சு. குப்பம்மாள் வேலைக்கு நடுவே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு ஊசி போடுற ஆஸ்பத்திரி வாசம் வருதே கண்ணு."

"ஆமாக்கா. இதுவும் ஒரு நோயாளிதான்."

"பொழைக்குமா?"

"பொழைக்கும். ஆனா புதுசு மாதிரி ஆவாது. ஆக்கவும் கூடாது."

கத்தி சின்னராஜ் கையில் கழன்றபோது அதன் அடிப்பகுதி, பிடிக்குள் போகும் வால், வெளியே வந்திருந்தது. அரக்கைத் துடைத்ததும் அந்த வால் முழுக்கக் கரும்பழுப்புத் துரு. குப்பம்மாள் எழுந்து உள்ளே போய், ஒரு கொட்டாங்கச்சியில் புளிக்கரைசலும் சாம்பலும் எடுத்து வந்தாள். அவர்கள் தோட்டத்துப் புளி. பொங்கலுக்கு முன்னால் வீட்டிலுள்ள விளக்கு, சொம்பு, குண்டா எல்லாவற்றையும் அதில்தான் தேய்ப்பாள். தேய்த்தால் முகம் பார்க்கலாம்.

"தள்ளு கண்ணு. நான் தேய்ச்சிக் குடுக்கிறேன். ஒரு நிமிசத்துல பளபளன்னு ஆயிடும்."

"அய்யோ அக்கா, வேணாம்!"

கோகிலவாணி கத்தியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். குப்பம்மாள் கொட்டாங்கச்சியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கோச்சிக்காதீங்கக்கா. இந்தத் துருதான் இதோட வயசு. இத பாத்துத்தான் எத்தன வருசம்னு சொல்லுவாங்க. வால மட்டும் அந்த ஊர்ல யாரும் தொட மாட்டாங்க. மேல அலகுல இருக்கிற துரு பரவாம நிறுத்தணும், கொஞ்சம் எண்ணெய் தடவணும். அவ்ளோதான் நான் செய்வேன். மெருகு போடறதெல்லாம் அதுக்குன்னே படிச்சவங்க வேலை."

"அப்ப எத்தினி வயசாவுது இதுக்கு?"

"செஞ்சவன் பேர் எதுவும் வெட்டல. இருநூறு இருக்கலாம். நிச்சயமா சொல்ல மாட்டேன்."

குப்பம்மாள் உட்கார்ந்தாள். புளியைத் தள்ளி வைத்தாள்.

"நல்லவேளை, இதுக்கு அரக்கு ஊத்தி வெச்சாங்க. இல்லாட்டி நானே தேய்ச்சித் தேய்ச்சி இத குழந்தையா ஆக்கியிருப்பேன்."

மறுநாள் பிடியின் வாய்ப்பக்கத்தில் அரக்குக்குள்ளிருந்து ஒரு பூண் தெரிந்தது. நல்ல கறுப்பு. சாதாரணக் கறுப்பு இல்லை. காக்கைச் சிறகில் வெயில் படும்போது ஓடுமே, அந்த நீலம் உள்ளே ஓடுகிற கறுப்பு. அதன்மேல் தங்கத்தில் துளியூண்டு பூ. ஐந்து இதழ்.

"செம்புல கொஞ்சூண்டு தங்கம் கலந்து, ஒரு கரைசல்ல போட்டுக் கறுக்க வெப்பாங்கக்கா. கறுப்பா இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு."

"தங்கத்த போட்டுக் கறுப்பாக்குவாங்களா? நல்ல ஊரு!"

"கை வழுக்காம தடுக்கிற தட்டு இதுல இல்ல பாருங்க. பிடியும் சின்னது. என் கைக்கே அடக்கமா இருக்குது." கோகிலவாணி பிடியைப் பற்றிக் காட்டினாள். "அந்த ஊர்ப் பொம்பளைங்க இடுப்புக் கச்சையில இந்த மாதிரி சின்னக் கத்தி வெச்சிருப்பாங்க. கல்யாணத்துலகூட பொண்ணு வெச்சிருக்கிற வழக்கம் உண்டு."

குப்பம்மாள் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரு? பொண்ணா?"

"பொண்ணுதான்."

"அப்ப இது பொம்பளை கத்தியா?"

"இருக்கலாம்க்கா. ஆனா ஆம்பளைங்களும் இந்த அளவுல வெச்சிருந்தாங்க. பாத்து மட்டும் சத்தியம் பண்ண முடியாது."

குப்பம்மாளுக்கு அந்த "இருக்கலாம்" போதவில்லை. சபையில் "இருக்கலாம்" நிற்குமா? அவள் கை கொண்டைக்குப் போனது. ஊசியை உருவி உச்சியைச் சொறிந்தாள்.

கோகிலவாணி இப்போது உறைக்கு வந்திருந்தாள். துணியைச் சுற்று சுற்றாகப் பிரித்து, ஒரு பக்கத்தை வழித்தாள். உள்ளே உறையின் சொந்தக் கறுப்புப் பூச்சு, அங்கங்கே விரிசல். ஓர் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம். அது முழுக்க அரக்கு அடைத்திருந்தது.

"பாருங்க, இங்க ஒரு சொருகு எடம் இருக்குது. இதுல ஒரு சாமான் இருந்திருக்கும். அது இல்லாம பூட்சி."

"இன்னா சாமான்?"

"சில உறையில இன்னொரு குட்டிக் கத்தி இருக்கும். சிலதுல தலை முடிய ஒதுக்கிக்கிற ஊசி. தட்டையா, இவ்ளோ நீளம். ஒரு முனையில காது குடையிற மாதிரி…"

அவள் நிமிர்ந்தாள். குப்பம்மாளின் கை உச்சந்தலையில் அப்படியே நின்றிருந்தது.

"அக்கா. அத கொஞ்சம் குடுங்க."

ஊசியை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிறகு பூணைப் பார்த்தாள். மறுபடி ஊசி.

"இது செவப்பா பளபளன்னு இருக்குதே. அது கறுப்பு. எதுல தேய்ப்பீங்க இத?"

"புளியிலதான். விளக்கு தேய்க்கும்போது இதையும் போட்டுத் தேய்ப்பேன். எங்க அத்தையும் அப்பிடித்தான்."

"அவங்களுக்கு முன்னால?"

"அவங்க அத்தே. தங்கவேல் தாத்தா பொஞ்சாதி. அவங்ககிட்டருந்துதான் வந்துச்சி. இதுல ஒரு பூ இருக்குது கண்ணு. கண்ணுக்குத் தெரியாது, தேஞ்சிட்சி. கட்டை விரல்ல தடவினா தெரியும். அஞ்சு மொட்டு."

கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவினாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"இருக்குதுக்கா" என்றாள்.

இருந்தாலும் உடனே பள்ளத்தில் செருகிப் பார்க்க விடவில்லை. அடைத்திருந்த அரக்கை வழிக்காமல் செருகினால் உறை பிளந்துவிடும் என்றாள். அன்று முழுக்கப் பஞ்சு வைத்து வைத்து வழித்தாள். குப்பம்மாள் அடுப்பில் வைத்த களியை மறந்தாள். வடிவேலு அடிபிடித்த களியை ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றார். மறுநாள் காலையில் பள்ளம் சுத்தமானது.

"நீங்களே வெச்சிப் பாருங்க."

குப்பம்மாள் ஊசியை முனையில் வைத்தாள். கொஞ்சம் முரண்டு பிடித்தது. அப்புறம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், தன் இடத்தில் உட்கார்ந்தது. காது குடையும் முனை மட்டும் பிடியோரமாக எட்டிப் பார்த்தது.

அவள் அழுதாள். பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணில் நீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே வூட்டுல இருந்துக்கினு, இது ஆம்பளைங்ககிட்டயும் அது பொம்பளைங்ககிட்டயும் இருந்திருக்கே. ஒருத்தருக்கும் தெரியலியே."

"நீங்க புளி போட்டுத் தேய்ச்சீங்க, அவங்க அரக்கு ஊத்தி மூடினாங்க. எப்பிடிக்கா தெரியும்?"

"நான்தான் கெடுத்துட்டேனா கண்ணு?"

"கெடல. இனிமே தேய்க்காதீங்க. கையும் தலை எண்ணெயும் பட்டுக்கினே இருந்தா தானா கறுத்துக்கும். அவசரப்படாம கறுக்கும்."

மூங்கில் ஆணி ஒன்றுதான் மிச்சம். பழைய ஆணி பிடிக்குள்ளிருந்து பாதியாக, தேய்ந்த பல் மாதிரி வந்தது.

"புதுசா வெட்டின மூங்கில் ஆவாதுண்ணா. நல்லா காஞ்சு, புகை குடிச்சதா இருக்கணும். அந்த ஊர்ல பழைய வூடுங்கள்ல அடுப்புக்கு மேல இருக்கிற மூங்கிலத் தேடி எடுப்பாங்களாம்."

வடிவேலு அண்ணாந்து பார்த்தார். குப்பம்மாளும் பார்த்தாள். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். அதில் சாமை மூட்டை, விதைச் சோளம், பூசணிக்காய். அவர்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே புகை குடித்துக் குடித்துத் தேன் நிறத்தில் இறுகிப்போன மூங்கில்.

"என் பரண்ல கைய வெக்கப்போறியா?"

"ஒரு கழி மே. ஓரத்துக் கழி."

"சாமை வுழுந்தா நீதான் பொறுக்கணும்."

"பொறுக்குறேன்."

ஏணி போட்டு ஏறி ஒரு கழியை உருவினார். சாமை விழவில்லை. ஆனால் எத்தனையோ வருஷத்து ஒட்டடையும் கரியும் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் தலையில் கொட்டின.

"யோவ்!"

"கறுத்தாத்தான் மதிப்புன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே" என்றார் வடிவேலு மேலிருந்து.

முறம் பின்னுகிற கை. சீவிச் சீவி ஆணியை நெல்மணிப் பருமனுக்குக் கொண்டுவந்தார். கோகிலவாணி பிடியைப் பொருத்தி, ஆணியைத் துளையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். சத்தமே இல்லாமல் இறங்கியது. உதறிப் பார்த்தாள். ஆடவில்லை.

லட்சுமணன் பார்க்க வந்தார். கோகிலவாணி எல்லாவற்றையும் சொன்னாள். நிச்சயமாகச் சொல்ல முடியாததையும் சொன்னாள்.

"பொம்பளை கத்தின்னு நான் நினைக்கிறேன்ங்கய்யா. சத்தியம் பண்ண மாட்டேன். இந்த ஊசி இந்த உறையுதுன்னு மட்டும் சத்தியம் பண்ணுவேன்."

லட்சுமணன் ஊசியை உருவினார். செருகினார். மறுபடி உருவினார். அந்தப் பெரிய விரல்களில் ஊசி தொலைந்துபோகும்போல இருந்தது.

"எங்கம்மா தலையில இருந்தது இது" என்றார். "நான் சின்னப்புள்ளையில காதுல எறும்பு பூந்துக்கிச்சின்னு கத்துனப்போ, இதுலதான் எடுத்தாங்க."

கத்தி மூத்தவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். எடுத்துக்கொண்டு எழுந்தார். ஊசியைத் தம்பி மனைவியிடம் நீட்டினார்.

குப்பம்மாள் ஒரு கணம் அதைப் பார்த்தாள்.

"அதுலயே இருக்கட்டும் மாமா. அதோட எடம் அதுதானே."

அவர் போனபின் வடிவேலு மெதுவாகக் கேட்டார்:

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலியே மே. தேவிக்குத் தர்றேன்னு ஒரு வார்த்த வாங்கிக்கினு குடுத்திருக்கலாம்."

"வார்த்த வாங்கிக்கினு குடுத்தா அது குடுத்ததாவுமா?"

ஆனாலும் அன்றிலிருந்து அவள் கை கொண்டைக்குப் போகும். வெறும் முடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். தேவி போனில் கேட்பாள்: "பெரீப்பா எதுனா சொன்னாரா?" "சொல்லல." "நீ கேட்டியா?" "கேக்கல." "நீயும் கேக்கமாட்ட, அவரும் சொல்லமாட்டாரு. நல்லா கீது உங்க ரெண்டு பேர் பேச்சும்!"

பலாப்பழம் பழுக்கும் பருவத்தில் கல்யாணம் வந்தது. ஒடுகத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன்களில் ஏறி வந்தார்கள். பாதிப் பேருக்கு வளைவுகளில் வயிற்றைப் புரட்டி, வந்ததும் எலுமிச்சம்பழம் கேட்டார்கள். மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் மணையில் உட்கார்ந்திருந்தான். தேவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

குப்பம்மாள் மூத்தவர் வீட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லட்சுமணன் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. பின்னாலேயே அவருடைய மனைவி பாஞ்சாலி வந்தாள். அவள் கையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், அதன்மேல் கத்தி.

லட்சுமணன் சபைக்கு நடுவே நின்று தொண்டையைச் செருமினார். அவர் கதை சொல்லப் போகிறார் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் இது பெண்ணுடைய கல்யாணமாயிற்றே. குசுகுசுவென்று பேச்சு எழுந்து அடங்கியது.

"எங்க தாத்தா தங்கவேல் பர்மா சண்டைக்குப் போனாரு" என்று தொடங்கினார். "அங்க ஒரு ஜப்பான்காரன் பாய்ஞ்சி வந்தான்…"

நின்றார். தாம்பாளத்தைப் பார்த்தார். உறையோரம் எட்டிப் பார்த்த அந்த ஊசி முனையைப் பார்த்தார்.

"பாய்ஞ்சி வரல. படுத்துக்கெடந்தான். ஓடைக்கரையில. 'தண்ணி'ன்னான்."

ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கே கேட்டார்: "ஏங்க, ஜப்பான்காரன் தமிழ்லயா கேட்டான்?"

சபை சிரித்தது. லட்சுமணன் சிரிக்கவில்லை.

"தாகத்துல எவன் எந்தப் பாஷையில கேட்டாலும் காதுல தண்ணின்னுதாங்க வுழும். எங்கம்மா சொல்லுவாங்க. எங்க தாத்தா தொப்பியில மொண்டாந்து ஊத்தினாரு. குடிச்சிட்டு அவன் இத எடுத்துக் குடுத்தான். 'என் வூட்டுக்காரியுது. உன் வூட்டுக்காரிகிட்ட குடு'ன்னான்."

"அதையும் அவன் பாஷையிலதானே சொன்னான்?" என்றார் பெரியவர். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. கதை கேட்கிற ஆசைதான் இருந்தது.

"வாயால சொல்லல. கொண்டைய காமிச்சான். இப்பிடி."

லட்சுமணன் கையைப் பின்னால் கொண்டுபோனார். முடியே இல்லாத பின்னந்தலையில், தடித்த விரலால், மெல்ல ஒரு வட்டம் போட்டார். யாரோ சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்கள். அவர் கை சிறிது நேரம் அங்கேயே இருந்தது.

குப்பம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது: அடுப்பங்கரைக் கதை இவருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா மடியில் காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்த நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. சபையில் சொல்லத்தான் இத்தனை காலம் கூச்சம்.

"நாங்க ஆம்பளைங்க எல்லாம் இத தூக்கிக்கினு திரிஞ்சோம்" என்றார் லட்சுமணன். "இது எங்களுது இல்ல. இந்தாம்மா தேவி."

தேவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "பெரீப்பா" என்றாள். கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பத்திரம்மா. புளி போட்டுத் தேய்ச்சிடாத."

மேளம் பிடித்துக்கொண்டது. தாலி ஏறும்போது பிடி கழலவில்லை. பரண் மூங்கில் இறுக்கிப் பிடித்திருந்தது.

பந்தி முடிந்து ஆரவாரம் ஓய்ந்தபோது, குப்பம்மாள் பலாமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். வேன்கள் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தன. அவள் கை கொண்டைக்குப் போய் வெறுமனே திரும்பியது.

வடிவேலு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியிலிருந்து எதையோ எடுத்து அவள் பக்கம் நீட்டினார். தேன் நிறத்தில், தட்டையாக, ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஒரு மூங்கில் ஊசி.

"இன்னாயா இது?"

"அந்தக் கழியில மிச்சம் இருந்துச்சி."

"எப்ப சீவின?"

"நீ கொண்டைய தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருந்தியே, அப்ப."

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனையில் சின்ன வளைவு. நடுவில் எதையோ செதுக்க முயன்ற அடையாளம்.

"இது இன்னா, எறும்பா?"

"பூ மே. அஞ்சு எதழு."

"நாலுதான் கீது."

"அஞ்சாவதுல கத்தி வழுக்கிட்சி."

குப்பம்மாள் கட்டை விரலால் அந்த நாலு இதழையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு உச்சந்தலையை ஒரு முறை சொறிந்துவிட்டு, ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"வா, பொண்ண வண்டி ஏத்திட்டு வரலாம்" என்றாள்.